ஐ.எம்.எஃப்.பை அதன் சொந்த அலுவலகமே மதிப்பிடும்போது அந்த அறிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வி: சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன் திட்டங்கள் குறித்து முதுநிலை ஆய்வேடு எழுதிவருகிறேன். நிதியத்தின் சுயேச்சை மதிப்பீட்டு அலுவலகம் வெளியிடும் அறிக்கைகளை ஆதாரமாகக் கொள்ளலாமா? நிதியத்திடமே சம்பளம் பெறுபவர்கள் அதன் குறைகளைச் சொல்வார்களா? இப்போது நடைமுறையில் இருக்கும் ஒரு திட்டத்தைப் பற்றி அவர்களிடம் முறையிட முடியுமா?

பதில்: ஆதாரமாகக் கொள்ளலாம்; ஆனால் மதிப்பீட்டு அறிக்கையை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

சம்பளம் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே. 2001இல் இந்த அலுவலகம் தொடங்கப்பட்டபோது முதல் இயக்குநராக மான்டேக் சிங் அலுவாலியா பொறுப்பேற்றார். இது நிதியத்தின் நிர்வாக இயக்குநருக்குக் கீழ்ப்பட்டதல்ல. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அமரும் செயற்குழுவுக்கே நேரடியாக அறிக்கை அளிக்கிறது. இப்போதைய விதிப்படி இயக்குநரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். அதைப் புதுப்பிக்க முடியாது என்பதோடு, பதவி முடிந்தபின் நிதியத்தின் ஊழியராகச் சேரவும் முடியாது. எனவே அடுத்த பதவியை எண்ணி அடக்கி வாசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்குப் பெருமளவு இல்லை.

விதிகளைவிட அறிக்கைகளே வலுவான சான்று. 2008 உலக நிதி நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் நிதியம் ஏன் எச்சரிக்கத் தவறியது என்பதை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு அறிக்கை, குழுவாக ஒரே திசையில் சிந்திக்கும் போக்கையும், மாற்றுக் கருத்தைச் சொல்ல ஊக்கமில்லாத உள்சூழலையும் காரணங்களாகச் சுட்டியது. கிரீஸ், அயர்லாந்து, போர்ச்சுகல் பற்றிய 2016ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் கடுமையானது. ஒரு நாட்டுக்கு வழக்கமான வரம்பை மீறிக் கடன் கொடுக்க வேண்டுமானால், அதன் பொதுக்கடன் தாங்கத்தக்கது என்பதற்கு உயர்ந்த நிகழ்தகவு இருக்க வேண்டும் என்ற விதிக்கு, 2010 மே மாதத்தில் கிரீஸ் கடனை அனுமதித்தபோதே ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. அந்த மாற்றம் முறையான நடைமுறைப்படி நடக்கவில்லை என்று அறிக்கை கூறியதுடன், சில முக்கிய ஆவணங்கள் வழக்கமான வழிகளுக்கு வெளியே தயாரிக்கப்பட்டன என்றும், எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சில விஷயங்களுக்கு எழுத்துப் பதிவே கிடைக்கவில்லை என்றும் பதிவுசெய்தது. தன் வீட்டு ஆவணங்களே கைக்கு எட்டவில்லை என்று ஓர் உள் அலுவலகம் வெளிப்படையாக எழுதுவது அரிது. (அந்த விலக்கு 2016 ஜனவரியில் நீக்கப்பட்டது.)

என் கவலை சுதந்திரத்தைப் பற்றியதல்ல, அறிக்கை வெளியானபின் நடப்பதைப் பற்றியது. ஒவ்வொரு அறிக்கையுடனும் நிர்வாக இயக்குநரின் பதிலறிக்கையும், செயற்குழு விவாதத்தின் தொகுப்புரையும் வெளியிடப்படும். நான் இவற்றை முதலில் வாசித்துவிட்டுத்தான் அறிக்கைக்குள் நுழைவேன்; எந்தப் பரிந்துரைக்கு "நிபந்தனைக்கு உட்பட்ட ஆதரவு" என்ற மெல்லிய மறுப்பு வந்திருக்கிறதோ, அங்குதான் சிக்கலின் வேர் இருக்கும். தொகுப்புரையில் வரும் அளவுச் சொற்களும் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல: நிதியத்தின் மரபுப்படி "பெரும்பாலான" செயற்குழு இயக்குநர்கள் என்றால் 15 பேரோ அதற்கு மேலோ, "ஒரு சிலர்" என்றால் 2 முதல் 4 பேர். அதன்பின் நிர்வாகம் தயாரிக்கும் செயலாக்கத் திட்டத்தையும், அதன் முன்னேற்றத்தைச் சொல்லும் கண்காணிப்பு அறிக்கைகளையும் தேடி எடுங்கள். கூர்மையான பரிந்துரை, "வழிகாட்டுக் குறிப்பு திருத்தப்படும்" என்ற வரியாகத் தேய்ந்துபோவதை அங்கே காணலாம். ஆய்வேட்டுக்கு அந்தத் தேய்மானமே நல்ல பொருள்.

முறையீடு குறித்த விடை ஏமாற்றமளிக்கும். நடந்துகொண்டிருக்கும் செயல்பாடுகளில் தலையிடக் கூடாது என்பது இந்த அலுவலகத்தின் வரையறை. தனிநபர் புகார்களை விசாரிப்பதோ இழப்பீடு வழங்குவதோ அதன் வேலையல்ல. பாதிக்கப்பட்ட மக்கள் முறையிட உலக வங்கியில் 1993 முதல் ஆய்வுக் குழு ஒன்று உள்ளது. நாணய நிதியத்தில் அதற்கு நிகரான அமைப்பு இல்லை. ஆனால் ஒரு மதிப்பீட்டைத் தொடங்கும்போது, எந்தக் கேள்விகளை ஆராயப்போகிறோம் என்ற வரைவை அலுவலகம் தன் இணையதளத்தில் வெளியிட்டுக் கருத்துக் கேட்பதுண்டு. உங்கள் ஆய்வுக்குத் தொடர்புள்ள தலைப்பு வந்தால், தரவுகளுடன் அந்தக் கட்டத்திலேயே எழுதி அனுப்புங்கள். கேள்விகள் உறுதியானபின் அனுப்பினால் அவை மதிப்பீட்டின் போக்கை மாற்றுவது கடினம்.