ஃப்ரீவீல் ஆடுகிறது, எப்படி இறுக்குவது?

கேள்வி: சிங்கப்பூரில் 20 அங்குல மடக்கு சைக்கிள் ஓட்டுகிறேன். மிதிக்காமல் உருளவிடும்போது பின்பக்கப் பல்சக்கரங்கள் இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. ஃப்ரீவீலை எப்படி இறுக்குவது?

ஃப்ரீவீல் என்பது, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தொடர்ந்து உருளவிடும் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி. இறுக்குவதற்கு முன்னால் ஆடுவது ஃப்ரீவீல்தானா என்று பாருங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடமும் இதே மாதிரி ஏழு பல்சக்கரம் உள்ள மடக்கு சைக்கிள்தான். பிடோக்கிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியாகச் சாங்கி வரை ஓட்டுவேன். ஞாயிறு காலையில் தேக்காவில் காய்கறி வாங்கிப் பின்னால் கட்டிக்கொண்டு வருவேன். ஒரு நாள் பின்பக்கம் ஆடுகிற மாதிரி தெரிந்தது. ஒரு கடையில் காட்டினேன். ஃப்ரீவீல் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றித் தந்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி ஆட்டம். இந்தத் தடவை டயர் பிரேமிலேயே உரசியது. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஆக்சிலுக்குள் (சக்கரம் சுற்றும் நடு அச்சு) நுழைந்து சக்கரத்தைப் பிரேமோடு பிடிக்கும் குவிக் ரிலீஸ் கம்பியை உருவியதும் ஆக்சில் இரண்டு துண்டாக வெளியே வந்தது. உடைந்த ஆக்சிலை அந்த மெல்லிய கம்பிதான் இவ்வளவு நாளும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஆக்சிலோடு பாலத்து இறக்கங்களில் வேகமாக வந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆக்சில் உடைவதற்கும் ஃப்ரீவீலுக்கும் தொடர்பு உண்டு. மரையில் திருகும் ஃப்ரீவீல் உள்ள ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி), வலதுபக்கப் பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்பக்கம் இருக்கும். அங்கிருந்து பிரேம் வரைக்கும் ஆக்சிலுக்குத் தாங்கல் கிடையாது. பல்சக்கரம் கூடக்கூட அந்த நீளமும் கூடும். பாரம் ஏற்றிச் சாலையோரக் கரையில் இடித்து ஏறினால் 10 மில்லிமீட்டர் ஆக்சில் முதலில் வளையும், பிறகு உடையும். பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கே போய்விடுவதால் இந்தத் தொல்லை குறைவு.

சரி, பார்ப்பது எப்படி? பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். ரிம்மே அசைந்து ‘டொக்’ என்றால் ஆக்சிலில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது ஆக்சிலில் கோளாறு. ஃப்ரீவீல் பக்கம் போகவே வேண்டாம். ரிம் உறுதியாக இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டே பல்சக்கரங்களை மட்டும் விரலால் ஆட்டுங்கள். லேசான அசைவு இருக்கத்தான் செய்யும், புது ஃப்ரீவீலிலும் இருக்கும். சக்கரம் உருளும்போது பல்சக்கரங்கள் மெல்ல அலைவதும் அப்படித்தான். உள்ளே குண்டுகள் ஓடும் பாதையும் ஹப்பின் மரையும் மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் அமைவது அரிது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மிதிக்காதபோது மட்டும்தான் தெரிகிறது. கியர் தானாக மாறவில்லை, செயின் நழுவவில்லை, கரகரவென்று சத்தமும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். நானாக இருந்தால் கை வைக்க மாட்டேன்.

மிதிக்கும்போதும் நன்றாக அலைகிறது என்றால் ஃப்ரீவீலை மரையில் கோணலாக ஏற்றியிருக்கலாம். அதைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

உண்மையிலேயே தளர்ந்த ஃப்ரீவீல் எப்படி இருக்கும்? கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு நடுவில் இரண்டு குழிகள் உள்ள வளையம் ஒன்று தெரியும். உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது கழன்றால் பல்சக்கரங்கள் விரலுக்கே நன்றாக ஆடும், இடுக்கில் இடைவெளி தெரியும். இந்த வளையத்துக்கு இடப்பக்க மரை. எல்லாரும் தவறுவது இங்கேதான். கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகும், கடிகார முள் போகும் பக்கம் சுற்றினால் கழலும். சில ஃப்ரீவீலில் அம்புக்குறியே போட்டிருக்கும். பொருத்தமான ஸ்பேனர் இல்லையென்றால் குழியில் உளியாணி வைத்துச் சுத்தியலால் தட்டலாம். இறுக்கிய பிறகும் பல்சக்கரம் பின்னோக்கித் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

வளையம் இறுக்கமாக இருந்தும் ஆட்டம் அதிகம் என்றால், அதற்கடியில் காகிதம் போல மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் ஆட்டம் குறையும். ஆனால் வளையத்தைத் திறந்ததும் சுமார் 3 மில்லிமீட்டர் குண்டுகள் டஜன் கணக்கில் கொட்டக் காத்திருக்கும், மிதிக்கும்போது பல்சக்கரத்தைச் சக்கரத்தோடு பிடித்துச் சுற்றவைக்கும் நாக்குகளும் அவற்றின் ஸ்பிரிங்கும் வேறு. சக்கரத்தைக் கழற்றாமல் திறக்காதீர்கள். தட்டு ஒன்றின் மேல் படுக்கவைத்துச் செய்யுங்கள். அந்த நாக்குகள் சரியாகப் பிடிக்காவிட்டால், எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் பெடல் வெறுமையாகச் சுற்றிவிடும், ஆள் கீழே விழுவார். அதனால் பழைய ஃப்ரீவீலுக்குள் வாஷர் வேலை பார்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது. ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் அப்படியொன்றும் விலை அதிகம் இல்லை.

மாற்றுவதானால் அதன் உள்பல்லுக்குப் பொருந்தும் கழற்றும் கருவி வேண்டும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 12 பல் வகைதான், பழையவற்றில் இரண்டு அல்லது நான்கு வெட்டு இருக்கும். கருவியை உள்ளே வைத்து, ஆக்சில் நட்டைத் திரும்பப் போட்டு லேசாகப் பிடிக்கவையுங்கள். இல்லாவிட்டால் கருவி நழுவிப் பற்களைத் தின்றுவிடும். பிறகு நீளமான ஸ்பேனரால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். மிதிக்க மிதிக்க இறுகியிருப்பதால் முதல் அசைவுக்கு நல்ல பலம் வேண்டும், ஒருவர் டயரைப் பிடித்துக்கொண்டால் சுலபம். அசைந்ததும் நட்டை எடுத்துவிட்டுக் கையால் கழற்றுங்கள். புதியதை ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சுற்றுகளைக் கையால் மட்டுமே திருகுங்கள். ஹப் அலுமினியமாக இருந்தால் மரை சட்டென்று கெட்டுவிடும். முதல் சுற்றிலேயே இறுகினால் பின்வாங்கி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இறுக்கத்தை உங்கள் மிதியே பார்த்துக்கொள்ளும்.

கடலோரம் ஓட்டுபவராக இருந்தால், மழையில் நனைந்த மறுநாள் சக்கரத்தைப் படுக்கவைத்து, ஃப்ரீவீலின் சுற்றும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். உப்புக்காற்றில் உள்ளே துரு ஏறுவது தள்ளிப்போகும்.

அப்புறம், எந்தக் காரணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றினாலும் ஆக்சிலின் இரண்டு முனைகளையும் விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு முனை வட்டம் போட்டால் வளைந்திருக்கிறது. முழுதாக வெளியே எடுத்திருந்தால் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதை மறுபடி மாட்டாதீர்கள்.