மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: ஒரு கால்பந்து கிளப்பின் நல்ல சேர்மன் என்று ரசிகர்கள் யாரைச் சொல்வார்கள்? பணத்தைக் கொட்டுபவரையா, கோப்பை வாங்கித் தருபவரையா?

பணமும் கோப்பையும் வந்தால் எந்த ரசிகனும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் சேர்மன் நல்லவரா என்று முடிவுகட்டும்போது அவன் பார்ப்பது வேறொன்றை. இந்தக் கிளப் தன் சொத்து என்று அந்த ஆள் நினைக்கிறாரா, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்று நினைக்கிறாரா? நம் வழக்கில் சொன்னால் சேர்மன் ஒரு தர்மகர்த்தா. கோயில் சாவி அவர் இடுப்பில் இருக்கும், கோயில் அவருடையது ஆகாது. இதை எனக்குப் புரியவைத்தது இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பும், அதை உயிராக நினைத்த ஒரு பெரியவரும்.

2004 செப்டம்பரில் மேல்படிப்புக்காக சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பிரைட்டனை ஒட்டிய ஹோவில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். பக்கத்தில் ஓல்ட் ஷோரம் சாலையில் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடையும் இன்னும் சில பெரிய கடைகளும் இருந்தன. அந்தப் பக்கமாக நடந்துபோனால் பெரியவர் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் ஹோவ் பார்க் ஓரமாகத்தான் வருவார். மழையானாலும் அப்படித்தான். காரணம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அவர் சமையலறைச் சுவரில், கெட்டிலுக்கு மேலே, முழ நீளத்துக்கு ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. நீலப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் 114. ஆணி இருந்த இடத்தில் துருக்கறை மரத்துக்குள் இறங்கியிருந்தது. ஒரு நாள் அதைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பொம்மைக் கடை இருக்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்த இருக்கை அது" என்றார்.

கோல்ட்ஸ்டோன் மைதானத்தின் கதையை அன்று சொன்னார். 1902 முதல் பிரைட்டன் அங்கேதான் ஆடியது. 1990களில் கிளப் கடனில் தவித்தபோது பில் ஆர்ச்சர் என்பவர் சேர்மன் ஆனார். 1995இல் மைதானம் ஒரு நில நிறுவனத்துக்கு விற்கப்படும் செய்தி வெளியே வந்தது. விலை 74 லட்சம் பவுண்டு. விற்பதைக்கூட பொறுத்திருக்கலாம், அணி இனி எங்கே ஆடும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. கிளப்பின் சட்டதிட்டத்தில், சொத்தை விற்று வரும் லாபம் பங்குதாரர்களுக்குப் போகக்கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. அது சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்ததை ஒரு ரசிகர் ஆவணங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தார். விஷயம் பெரிதானதும் விதியைத் திரும்பச் சேர்த்தார்கள்.

ஆர்ச்சரின் வீடு லங்காஷயரில், பிளாக்பர்னுக்குப் பக்கத்தில் மெல்லர் என்ற கிராமத்தில். பிரைட்டனில் இருந்து ஏறத்தாழ 250 மைல். ஆட்டம் பார்க்க வருவதே அபூர்வம். ரசிகர்கள் பேருந்து பிடித்து அந்தக் கிராமத்துக்கே போனார்கள். உங்கள் ஊர்க்காரர் எங்கள் கிளப்பை என்ன செய்கிறார் பாருங்கள் என்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தார்கள். பெரியவரும் போயிருந்தார். "விற்றதைவிட, ஒரு நாள்கூட எங்கள் முன்னால் வந்து நிற்காததுதான் இன்னும் ஆறவில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

1997 பிப்ரவரி 8 அன்று நாட்டின் பல கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் தங்கள் சட்டையோடு கோல்ட்ஸ்டோனுக்கு வந்து பிரைட்டனுக்காகக் கத்தினார்கள். அன்று ஹார்ட்டில்பூலை 5-0 என்று வென்றது அணி. ஏப்ரல் 26இல் அங்கே கடைசி ஆட்டம், டான்காஸ்டருக்கு எதிராக 1-0. முடிந்ததும் மக்கள் புல்லையும் இருக்கையையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 114ஆம் எண் பலகை அப்படி வந்ததுதான். அடுத்த வாரம் ஹெரிஃபோர்டில் 1-1 என்று சமன் செய்து, அந்த அணியோடு புள்ளியில் சமமாக நின்று, அடித்த கோல்களின் எண்ணிக்கையில் மட்டும் லீக்கைவிட்டு வெளியேறாமல் தப்பியது பிரைட்டன்.

அதன் பிறகு இரண்டு சீசன் சொந்த ஊர் ஆட்டங்களே 70 மைல் தள்ளி கில்லிங்ஹாமில் நடந்தன. 1997இல் சேர்மன் பொறுப்பை ஏற்றவர் டிக் நைட். ஊர்க்காரர், விளம்பரத் துறைக்காரர், சின்ன வயதிலிருந்தே ரசிகர். பெரும் பணக்காரர் இல்லை. பணம் இல்லாத ஒருவரை ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடினார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. கிளப்பை ஊருக்குத் திரும்பக் கொண்டுவருவேன் என்று சொன்னார், 1999இல் கொண்டுவந்தார். வந்து சேர்ந்த இடம் என்னவோ வித்டீன் என்ற சின்னத் தடகள மைதானம்.

பெரியவர் என்னை முதன்முதலில் கூட்டிப்போனது அங்கேதான். கூரை இல்லாத தற்காலிக இரும்புக் கேலரி. நமக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடுவே ஓட்டப்பாதை. சுற்றுவட்டாரத்தில் கார் நிறுத்தத் தடை என்பதால் டிக்கெட்டோடு பஸ், ரயில் பயணமும் சேர்ந்தே வரும். நவம்பர் மழை கொட்டியது. பிளாஸ்டிக் கோட்டு போட்டும் முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்துவிட்டேன். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மூடியில் மழைத்துளி விழுந்து டீ கூடிக்கொண்டே போனது. சுற்றிலும் ஆறாயிரம் பேர். யாரும் சேர்மனைத் திட்டவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையில் காசு இல்லை, மைதானத்துக்கு அனுமதி இழுக்கிறது, நல்ல ஆட்டக்காரனை விற்றாக வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். மறைக்காதவரிடம் கோபம் நிற்பதில்லை. அந்த மைதானத்தில் ஆடிக்கொண்டே 2001, 2002 என்று அடுத்தடுத்து இரண்டு டிவிஷன் பட்டங்களையும் அணி வென்றிருந்தது.

புது அரங்கத்துக்குப் பார்த்திருந்த இடம் ஃபால்மர், என் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நெடுஞ்சாலைக்கு மறுபுறம். அனுமதிக்கான போராட்டத்தை நைட் தனியாக நடத்தவில்லை, ரசிகர்களையே முன்னால் நிறுத்தினார். கடிதம், மனு, ஊர்வலம் என்று வருடக்கணக்கில் போனது. நானும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2005இல் அரசு அனுமதி கிடைத்து, வழக்கில் சிக்கி, 2007இல் மறுபடியும் உறுதியானது. கட்டப் பணம் வேண்டுமே? 2009இல் நைட் பதவியிலிருந்து இறங்கி டோனி ப்ளூமிடம் ஒப்படைத்தார். பன்னிரண்டு வருடம் சுமந்ததைத் தன்னைவிட வசதியுள்ள கையில் கொடுத்துவிட்டு விலகினார். சேர்மனுக்கு வேண்டிய குணங்களில் இதைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ப்ளூமின் தாத்தா 1970களில் இதே கிளப்பின் துணைச் சேர்மன். ப்ளூம் பந்தயக் கணக்கிலும் புள்ளிவிவரத்திலும் சம்பாதித்தவர். 93 மில்லியன் பவுண்டு செலவில் ஃபால்மரில் அமெக்ஸ் அரங்கம் அவர் பணத்தில் எழுந்தது. வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர்களோடு ரயிலில் போகிற ஆள் என்று ஊரே அவரை அறியும். 2017இல் நாட்டின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு ஏற்றம், 2023இல் ஆறாம் இடம் பிடித்து முதன்முறையாக ஐரோப்பியப் போட்டி.

இவரும் விற்கிறவர்தான் என்பதைக் கவனியுங்கள். 2021இல் ஈக்வடாரிலிருந்து சில மில்லியனுக்கு வாங்கிய மொய்செஸ் கைசேடோவை 2023இல் செல்சிக்கு 115 மில்லியன் பவுண்டு வரை போகக்கூடிய ஒப்பந்தத்தில் விற்றார். எங்களுக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் துரோகி என்ற சொல் எழவில்லை. 74 லட்சத்துக்கு மைதானத்தை விற்றதை முப்பது வருடமாக மன்னிக்காத அதே ஊர் இது. ஆட்டக்காரன் வருவான் போவான், அந்தப் பணம் கிளப்புக்குள்ளேயே சுழலும். மைதானம் போனால் அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்த இடம் போகிறது. விற்கிறாரா என்பதைவிட எதை விற்கிறார் என்பதில் ரசிகனின் கணக்கு மிகத் துல்லியமானது.

உள்ளூர்க்காரராக இருந்தால்தான் நல்ல சேர்மனா என்றால், அப்படியும் இல்லை. 2010ஆம் ஆண்டு தென்கிழக்கு ஆசியாவின் இரண்டு கோடீஸ்வரர்கள் பிரிட்டன் கால்பந்தில் கால் வைத்தார்கள். மலேசியாவின் வின்சென்ட் டான் கார்டிஃப் கிளப்புக்குள் வந்தார். தாய்லாந்தின் விச்சை ஸ்ரீவத்தனபிரபா லெஸ்டர் கிளப்பை வாங்கினார். டான் 2012இல் கார்டிஃபின் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். 'நீலப்பறவைகள்' என்று பெயர் வாங்கிய அணி அது. சிவப்புச் சட்டையில் 2013இல் பட்டம் வென்று பிரீமியர் லீக்குக்கே போனார்கள். அப்படியும் மனசு ஆறவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பிய பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. விச்சை லெஸ்டரின் நீலத்தையும் நரிச் சின்னத்தையும் தொடவில்லை. 2013இல் கிளப் தனக்குத் தரவேண்டிய 103 மில்லியன் பவுண்டு கடனைப் பங்குகளாக மாற்றிக்கொண்டார். தன் பிறந்தநாளையொட்டிய ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு பீரும் டோனட்டும் வாங்கிக் கொடுத்தார். 2016இல் யாரும் நம்பாத அந்தப் பிரீமியர் லீக் பட்டம். 2018 அக்டோபர் 27இல் ஆட்டம் முடிந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் அரங்கத்துக்கு வெளியே விழுந்து ஐந்து பேரும் இறந்தார்கள். மறுநாளிலிருந்து அரங்கத்தின் வாசலில் பூக்கள் குவிந்த அளவைப் பார்த்தவர்களுக்கு, அதில் பட்டத்துக்கான நன்றி மட்டும் இல்லை என்று தெரியும்.

ரசிகராக இருப்பதும் தனியாகப் போதாது. டெர்பி கிளப்பின் மெல் மாரிஸ் அந்த ஊர்க்காரர், ரசிகர், தன் பணத்தையும் கொட்டினார். 2018இல் கிளப்பின் பிரைட் பார்க் அரங்கத்தை 80 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து அவருடைய நிறுவனமே வாங்கிக்கொண்டது. 2021இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய், 21 புள்ளி பறிபோய், 2022இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. ஆசை இருந்தது, கணக்குப் பார்க்கும் நிதானம் இல்லை. ஏதாவது ஒரு கிளப்புக்குப் புதிய முதலாளி வருகிறார் என்று செய்தியில் வந்தால் எங்கள் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, "மைதானம் யார் பெயரில் இருக்கிறது?" 2025இல் இங்கிலாந்தில் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம், அனுமதியில்லாமல் மைதானத்தை விற்கக்கூடாது, ரசிகர்களைக் கேட்காமல் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்றக்கூடாது என்கிறது. அவர் சமையலறையில் கேட்டது இன்று சட்டத்திலேயே இருக்கிறது.

ப்ளூமைப் பற்றி எனக்கும் ஒரு பயம் உண்டு. கிளப் முழுக்க ஒரே மனிதரின் பணத்தில் நிற்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு யார் கையில் போகும் என்று இப்போதே கேட்க வேண்டும். நல்ல சேர்மன் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக முகம் சுளிக்க மாட்டார்.

2011 ஆகஸ்ட் 6. ஃபால்மரில் முதல் லீக் ஆட்டம். எதிரணி டான்காஸ்டர், கோல்ட்ஸ்டோனில் கடைசியாக ஆடிய அதே டான்காஸ்டர். பெரியவருக்குக் குச்சி ஊன்றும் வயசு, படி ஏறக் கை கொடுத்தேன். மெத்தை வைத்த இருக்கையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கடைசி நிமிடங்களில் வில் பக்லி அடித்து 2-1. எல்லோரும் எழுந்து குதித்தார்கள், அவர் மட்டும் எழவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பெட்டியைத் திறந்து 1997 ஏப்ரல் 26இன் மஞ்சளான புரோகிராம் புத்தகத்தை எடுத்தார். அன்று வாங்கியதை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் 114ஆம் எண் பலகைக்குக் கீழே குத்தி வைக்கச் சொன்னார். உயரம் சரியாக இல்லை என்று இரண்டு முறை மாற்றச் சொன்னார். அதன் பிறகுதான் கெட்டிலை வைத்தார்.