இளைப்பாறிய இராணுவ அதிகாரி அரசியல் பேசலாமா?

அமெரிக்கப் படையினருக்கு அரசியல் பேசத் தடை உண்டா, இளைப்பாறிய பின்பும் அது தொடருமா என்று மட்டக்களப்பில் உயர்தர அரசறிவியல் படிக்கும் மாணவர்கள் கேட்பதுண்டு.

தடை என்பது, படையில் இருப்பவர் தம் பதவியின் பெயரால் கட்சி அரசியல் பேசக் கூடாது என்பதாகும். 1950 இல் இயற்றப்பட்ட இராணுவ நீதிச் சட்டக்கோவையின் 88 ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, ஜனாதிபதி, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் முதலியோரை அதிகாரி ஒருவர் இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்குகிறது. 1965 இல் ஹென்றி ஹவ் என்ற இளம் லெப்டினன்ட், கடமையில் இல்லாத நேரத்தில், சீருடையும் இன்றி, ஜனாதிபதி ஜோன்சனின் வியட்நாம் போரைச் சாடும் அட்டையை ஏந்தி நடந்தார். அதற்காகவே இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அது அளவுக்கு மீறிய தண்டனை என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் அடிப்படைக் காரணம் வலுவானது: ஆயுதம் வைத்திருப்பவர் மக்கள் தெரிவுசெய்த ஆட்சிக்குக் கீழ்ப்பட்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரை நினைத்துப் பாருங்கள். திறப்புக்கோர்வையும் கணக்குக் கொப்பியும் அவர் கையில் இருக்கின்றன. திருவிழா முறை பற்றிக் குடிகளுக்குள், அதாவது ஊரின் தாய்வழிக் குலங்களுக்குள், பிணக்கு வரும்போது அவர் ஒரு குடிக்காகப் பேசினால், நாளை கதவை யாருக்காகத் திறப்பார் என்ற ஐயம் மற்றவர்களுக்கு எழும்.

நிரந்தரப் படையிலிருந்து இளைப்பாறி ஓய்வூதியம் பெறுபவர் மீண்டும் சேவைக்கு அழைக்கப்படக்கூடியவர் என்பதால், அவரும் அச்சட்டக்கோவைக்கு உட்பட்டவரே. நடைமுறையில் வழக்குத் தொடர்வது மிக அரிது.

படையில் சேர்ந்தவர் வாக்குரிமையையே இழக்கிறார் என்று பலர் நினைப்பது தவறு: அவர் வாக்களிக்கலாம், தனிமனிதராகக் கருத்தும் சொல்லலாம், சீருடையோடு கட்சி மேடையில் ஏறத்தான் முடியாது.