வற்றிக் கிடந்தாலும் ஈரநிலம்தான்

அன்புள்ள ஐயா,

ஈரநிலங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் பள்ளம், ஓடும் ஆறு, பவளத்திட்டு எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்திருக்கிறீர்கள். அப்படியென்றால் எதுதான் ஈரநிலம் இல்லை? இத்தனை வகை பிரிப்பதால் என்ன பயன்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பெரிய பட்டியல் ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையிலிருந்து வருகிறது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தானது. இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நிற்கும் நீரோ ஓடும் நீரோ, நன்னீரோ உப்புநீரோ, எல்லாமே அதில் அடக்கம். கடலில் மட்டும் ஓர் எல்லை உண்டு: கடல் உள்வாங்கி நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் ஆழம் ஆறு மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே ஆழ்கடல் ஈரநிலம் இல்லை, நீர் வந்து தங்காத மேட்டு நிலமும் இல்லை. நீர்ப்பறவைகளின் வாழிடங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட உடன்படிக்கை அது. பறவை ஏரியிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து கழிமுகத்துக்கும் போகும். வரையறை அகலமாக இருப்பதுதான் சரி என்பேன்.

சரி, காய்ந்த பள்ளத்துக்கு வருவோம். 1979இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கவார்டினும் அவருடைய சகாக்களும் தந்த ஈரநில வகைப்பாடு நீர், நீர்த்தாவரம், மண் என்று மூன்று அடையாளங்களைச் சொன்னது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மண். மண்ணில் நீர் நிறைந்து நின்றால் நுண்ணுயிர்கள் அதிலிருக்கும் ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதிலாக, மண்ணுக்குச் செந்நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகளின் மேல் கைவைக்கும். கரைந்த இரும்பு நகர்ந்துவிட, மண் சாம்பல் நிறமாகும். வேர்கள் வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்த இடங்களில் மட்டும் அந்த இரும்பு துருப்பிடித்து ஆரஞ்சுக் கோடுகளாகப் படியும். கடும் வெயில் காலத்தில் ஒரு முழம் தோண்டினாலும் இந்தச் சாம்பலும் துருக்கோடும் தெரியும். நீர் போன பிறகும் சாட்சி மண்ணிலேயே இருக்கிறது.

கவார்டின் முறைக்கு இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். அமெரிக்கச் சட்ட நடைமுறையோ பொதுவாக மூன்றையும் கேட்கிறது. அந்த இடைவெளியில் எத்தனையோ நிலங்கள் காப்பில்லாமல் போகும் என்பதுதான் என் கவலை.

வகைகளைப் பொறுத்தவரை, ராம்சார் பட்டியலில் கடலோரம், உள்நாடு, மனிதர் உருவாக்கியவை என மூன்று பெரும் பிரிவுகளில் 42 உண்டு. சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் ஓடும் நீரும் உப்பளமும்கூட அதில் இருக்கின்றன. ஏரியையும் குட்டையையும் பிரிக்க எட்டு ஹெக்டேர் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அது நிர்வாக வசதிக்கான கோடு, தவளைக்கு அது தெரியாது.

ஆனால் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பிரிப்பது அப்படியல்ல. மக்காத தாவரம் அடுக்கடுக்காகப் படிந்து பீட் எனும் கரிமண் உருவாகும் நிலங்களைப் பாருங்கள். ஒரு வகைக்கு மழை மட்டுமே ஆதாரம். அதில் தாது உப்பு குறைவு, அமிலம் அதிகம், ஸ்பாக்னம் பாசிதான் பெரும்பாலும் வளரும். இன்னொரு வகை நிலத்தடி நீரில் வாழ்கிறது. அங்கே தாது உப்பு கிடைப்பதால் கோரையும் புல்லும் செழிக்கும். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டாவதைச் சுற்றி வேலி போட்டுக் காத்துவிட்டு, வேலிக்கு வெளியே ஆழ்துளைக் கிணறுகளால் நீரை உறிஞ்சினால், யாரும் காலடி வைக்காமலேயே அது செத்துவிடும். பீட் காய்ந்து காற்றுப் பட்டதும் அதில் சேர்ந்திருந்த கார்பன் வெளியேறத் தொடங்கும். வகை தெரிந்தவருக்குத்தான் வேலியை நம்பக் கூடாது, கிணறுகளைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.