கேள்வி-பதில்: விதை பாக்கெட்டின் பின்பக்கம்

கேள்வி: போன பருவம் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டேன். இப்போது ஒரு செடியில் குண்டுக் காய், அடுத்ததில் கோலி அளவு, இன்னொன்றில் காயே இல்லை. விதை எடுத்த முறை தவறா?

பதில்: முறையில் தவறில்லை, தாய்ச்செடியை விசாரிக்காததுதான் தவறு. முதலில் வாங்கிய பாக்கெட்டில் எஃப்1 என்றோ ஹைப்ரிட் என்றோ எங்காவது பொடி எழுத்தில் இருந்திருக்கும். இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அந்தத் தலைமுறை அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீராக வரும். அதன் பிள்ளைகளோ தாத்தா பாட்டி குணங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளும். மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வைத்து 1866-ல் எழுதிக் காட்டியது இந்தக் கணக்கைத்தான். ஹைப்ரிட்டிலிருந்து எடுத்த விதை முளைக்கவே முளைக்காது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். முளைக்கும், ஆனால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்தக் கோலித் தக்காளி ருசியாக இருந்தால் அதிலிருந்தே விதை எடுங்கள். ஏழெட்டுத் தலைமுறை பொறுக்கி எடுத்துக்கொண்டே வந்தால் அது உங்கள் சொந்த ரகமாகிவிடும்.

கேள்வி: விதை சேமிப்பதா, வாங்குவதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: பீன்ஸ், பட்டாணி, ஹைப்ரிட் அல்லாத தக்காளி என்றால் சேமியுங்கள், பூசணி, வெள்ளரி, மக்காச்சோளம் என்றால் வாங்குங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்தது என்று அரைக் கிலோ வெங்காய விதை வாங்கி வைத்தேன். மூன்று வருடம் கழித்துப் போட்டால் நூற்றுக்கு ஐந்துகூட முளைக்கவில்லை. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா?

பதில்: கடைக்காரர் பக்கம்தான் நியாயம். வெங்காய விதைக்கு ஆயுசு ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. ஒரு கிராமில் சுமார் 250 விதை இருக்கும், அப்படியானால் உங்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேல். வீட்டுத் தோட்டத்தில் அதை எங்கே போடுவதாக இருந்தீர்கள்? இதே விலை மயக்கத்தில் நானும் ஒருமுறை வெண்டை விதையை டப்பா நிறைய வாங்கி, முக்கால்வாசியைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. தக்காளி விதை என்றால் நாலைந்து வருடம் தாங்கும், வெள்ளரி அதற்கு மேலும் தாங்கும். மொத்தமாக வாங்கியே தீருவேன் என்றால் அவற்றை வாங்குங்கள்.

கேள்வி: "தலைமுறைகளாகக் காப்பாற்றிய நாட்டு வெள்ளரி" என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் விதை வாங்கினேன். இருபதில் மூன்றுதான் முளைத்தது. காய்த்தது வெள்ளரி இல்லை, ஏதோ பூசணி. கேட்டால், "நீங்கள் தண்ணீர் ஊற்றியது சரியில்லை" என்கிறார் விற்றவர்.

பதில்: தண்ணீர் ஊற்றி வெள்ளரியைப் பூசணியாக்க முடியுமென்றால், நான் இந்தப் பத்தியை விட்டுவிட்டு அந்தத் தொழிலுக்கே போய்விடுவேன். மகரந்தத்தைக் கலந்துவிட்டது என்று தேனீயின் மேலும் பழி போட முடியாது. வெள்ளரியும் பூசணியும் கலப்பதே இல்லை. உங்களுக்கு வந்தது வேறு விதை, அவ்வளவுதான். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். பனித்துளி வழியும் காய், பளபளப்புத் தாள், "இயற்கை", "பாரம்பரியம்" என்று கொட்டை எழுத்து. திருப்பினால் பின்பக்கம் வெறுமை. ரகத்தின் பெயர், ஹைப்ரிட்டா இல்லையா, எத்தனை விதை, முளைப்புத்திறன் எவ்வளவு, எந்தத் தேதியில் சோதித்தது, எதுவரை செல்லும், எந்தத் தொகுதி எண். வாங்குகிறவருக்கு வேண்டியது இந்த ஏழும்தான். பிஸ்கட்டில்கூடத் தேதியைத் தேடுகிறோம், விதையில் தேட மாட்டேன் என்கிறோம். பிஸ்கட் நமத்துப் போனால் ஒரு மாலைதான் கெடும். விதை ஏமாற்றினால் ஒரு பருவமே போய்விடும், பணத்தைத் திருப்பித் தந்தாலும் அந்தப் பருவம் திரும்பாது. ஹைப்ரிட் விற்பது குற்றம் இல்லை. அது நன்றாகக் காய்க்கும், சில நோய்களையும் தாங்கும். ஹைப்ரிட் என்பதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

இனிமேல் விதையைக் கொட்டியதும் உறையை எறியாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பாக்கெட்டில் நாலைந்து விதையை மிச்சம் வையுங்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள், மறுநாளே அது மாறிவிடலாம். இப்போதைக்குக் காயின் படத்தோடு, விற்ற தளத்துக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பச்சைக் குடைமிளகாயிலிருந்து எடுத்த விதை முளைக்கவில்லை. இதுவும் ஏமாற்றா?

பதில்: இல்லை. காயே முற்றவில்லை, விதை எப்படி முற்றும்?

கேள்வி: வீட்டில் சேமித்த சுரை விதையில் வந்த காய் கடும் கசப்பு. உப்புப் போட்டுப் பிழிந்து சமைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது. 2015-ல் ஜெர்மனியில் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியை (பூசணியின் ஒரு வகை) சாப்பிட்ட ஒரு முதியவர் இறந்தே போனார். போன பருவம் பக்கத்தில் இருந்த ஏதாவது கசப்பு வகையின் மகரந்தம் வந்து சேர்ந்திருக்கலாம். அப்போது காயில் ஒன்றும் தெரியாது, அதன் விதையில் வரும் செடிதான் காட்டிக்கொடுக்கும். (பாகற்காய்க்காரர்கள் பதற வேண்டாம், அந்தக் கசப்பு வேறு.) மிச்ச விதையையும் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: தக்காளி விதையைக் கழுவிக் காயவைத்து பாட்டிலில் போட்டேன். பூஞ்சணம் பிடித்துவிட்டது. பிரிட்ஜில் வைத்திருக்க வேண்டுமோ?

பதில்: பிரிட்ஜ் நல்லதுதான், ஆனால் காயாத விதைக்கு எந்த இடமும் உதவாது. நன்றாகப் பழுத்த பழத்தின் சதையோடு விதையை ஒரு தம்ளரில் பிழிந்து விடுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே வெள்ளை ஆடை கட்டும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். வீட்டில் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைவது அப்போதுதான். தண்ணீர் விட்டு அலசினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். தட்டில் பரப்பி, வெயில் நேராகப் படாத இடத்தில் ஒரு வாரம் விடுங்கள். கையில் எடுத்தால் சலசலவென்று உதிர வேண்டும். அப்புறம் பாட்டில், அப்புறம் பிரிட்ஜ். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் தைரியமாகப் போடலாம். நாலு முளைத்தால் இரண்டு மடங்காகத் தூவுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஒரே பூவில் ஏழு நிறம் காட்டும் ரோஜா விதை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த ரோஜா, காம்பைப் பிளந்து சாயத் தண்ணீரில் நிற்கவைத்து உண்டாக்குவது. விதையில் வராது. நான் வாங்கிய பாக்கெட்டில் கீரை முளைத்தது.