சாமைக்கு நியாய விலை வைத்தால் வாங்க ஆள் இல்லை: பதில்

சித்தேரி மலைச் சாமையை, விளைவித்தவர்களுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி அரூரில் விற்கப் பார்த்தும், "மளிகைக்கடையில் இதைவிடக் குறைவு" என்று எல்லோரும் நகர்ந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விலையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அது மலைக்காரர்கள் கையிலிருந்துதான் போகும். விலையைப் பிரித்துப் பையிலேயே எழுதி ஒட்டுங்கள்: விவசாயிக்கு இவ்வளவு, உமி நீக்க இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு என்று. உமி போனபின் சாமையின் எடை நன்றாகக் குறையும், அதைத் தெரிந்துகொண்டவர்கள் அவ்வளவாகப் பேரம் பேசமாட்டார்கள்.

அப்புறம், வீடுவீடாக மட்டும் போகாதீர்கள். 2000-இல் இங்கிலாந்தின் கார்ஸ்டாங் என்ற சிறிய ஊர் தன்னை உலகின் முதல் நியாய வணிக ஊராக (Fairtrade, அதாவது விளைவித்தவர்களுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிய பொருட்களை ஆதரிக்கும் ஊராக) அறிவித்தபோது கடைகள், பள்ளிகள், தேவாலயங்கள் எல்லாம் கூடவே நின்றன. நமக்கு மெஸ், மாணவர் விடுதி, கோயில் அன்னதானம், மகளிர் குழு எல்லாம் இருக்கின்றனவே! ஒரு மெஸ் வாரம் ஒருநாள் சாமைச் சோறு போட ஒத்துக்கொண்டாலே உறுதியான ஆர்டர் கிடைக்கும், அதை நம்பி மலையில் முன்பணம் கொடுக்கலாம், கையில் காசு இருந்தால் அறுவடை நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்காது. மலைப் புளியையும் சேர்த்து விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்; அதை இப்போதே சேர்க்க வேண்டாம், முதலில் சாமை நிலைக்கட்டும்.