ரீயூனியனில் படிக்கும் எட்டுப் பேர், ஒரே வார இறுதியில் மஃபாத் போய்வர முடியுமா?

எட்டுப் பேர், மூன்று பேர் மலையே ஏறியதில்லை, இரண்டு பேர் சைவம், யாரிடமும் கார் இல்லை, சனி ஞாயிறு மட்டும்தான் கையில் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மஃபாத், இந்தப் பிரெஞ்சுத் தீவின் நடுவே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. பக்கத்துப் பள்ளத்தாக்கான சலாசி பக்கமிருந்து கோல் தே பெஃப் கணவாய் வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் லா நூவெல் என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்கித் திரும்புங்கள். மஃபாத்துக்குச் சாலை கிடையாது, நடை அல்லது ஹெலிகாப்டர்தான். நடைவழிகளில் இதுதான் லேசானது.

அந்த லேசில்தான் ஏமாறுவார்கள். கணவாய் 1,956 மீட்டர் உயரம். லா நூவெல் அதைவிடச் சுமார் 500 மீட்டர் கீழே. சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் அரட்டை அடித்துக்கொண்டே இறங்கிவிடலாம். ஞாயிறன்று அதே 500 மீட்டரை முழங்கால் வலியோடு ஏற வேண்டும். அதனால் ஞாயிறு மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நான்கு மணிக்குள் வாடகை வேன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

திரும்ப இரண்டு வழி. வந்த வழியே ஏறினால் மூன்று மணி நேரம். மார்லா என்ற இன்னொரு சிற்றூரைச் சுற்றி வந்தால் ஐந்து மணி நேர நடை. உங்கள் குழுவுக்கு, உட்கார்ந்து எழுந்து, ஏழு மணி நேரம் வையுங்கள். எந்த வழி என்பதை லா நூவெலில் காலைச் சாப்பாட்டின்போதே முடிவு செய்யுங்கள். மார்லா பாதை ஆற்றுப்படுகைக்கு இறங்குகிறது. அங்கே போனபின் மனம் மாறினால், முன்னாலும் ஏற்றம், பின்னாலும் ஏற்றம். இரவில் பலத்த மழை பெய்திருந்தால் மார்லாவை மறந்துவிடுங்கள், ஆற்றைக் கடப்பது ஆபத்து. ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டாலும் எட்டுப் பேரும் நேர்வழிதான். குழுவைப் பிரிக்காதீர்கள், கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது.

கார் விஷயம். பிரான்ஸில் சாதாரண பி உரிமத்தில், ஓட்டுநரைச் சேர்த்து ஒன்பது இருக்கை வரையுள்ள வேன் ஓட்டலாம். இந்திய உரிமம் படிப்புக் காலம் முழுக்கச் செல்லும், ஆனால் அதிகாரபூர்வ பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கூடவே இருக்க வேண்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது முன்பணத்தில்: வாடகைக்காரர்கள் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டை வாங்க மாட்டார்கள். வயது, உரிமம் எடுத்து எத்தனை வருடம் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை ஒப்படையுங்கள். ஞாயிறு இரவு கவுண்டர் மூடியிருக்கும்.

தீவின் தலைநகரான சேன் தெனியில் காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். சேன் அந்த்ரே, சலாசி, கிராந்த் இலே, லெ பெலியே என்று போகும் வழி. பத்து, பதினொரு மணிக்குள் மேகம் ஏறி மூடிக்கொள்ளும், தாமதித்தால் கணவாயிலிருந்து வெள்ளைத் திரைதான் தெரியும். மேலே காவலுள்ள நிறுத்துமிடத்துக்குக் காசு கட்ட வேண்டும். காருக்குள் பை எதுவும் வெளியே தெரியக் கூடாது.

கணவாய்க்குக் கீழே பிளேன் தே தமரன், அதாவது 'புளியமரச் சமவெளி'. பெயரைப் பார்த்துப் புளியமரம் தேடாதீர்கள், அது அக்கேசியா இனம். புயலில் சாய்ந்தும் சாகாமல் கிடந்தபடியே வளர்ந்த மரங்கள், தண்டெல்லாம் பாசி, நடுவே மாடுகள். அங்கே சேற்றுக்காகப் பாதையில் மரக்கட்டைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஈரமான கட்டை சோப்பு மாதிரி. கட்டையின் மேல் குறுக்காக வேகமாகக் கால் வைப்பவர்தான் விழுவார். பாதத்தை முழுசாக ஊன்றி, சின்ன அடியாக வையுங்கள். தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம்.

தங்க 'ஜீத்' எனப்படும் விடுதிகள். கூடத்தில் அடுக்குக் கட்டில், இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தே பதிவு செய்வார்கள். எட்டுப் படுக்கை ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பல வாரம் முன்பே கேளுங்கள். பேரைக் கொடுக்கும் முன் ஆளுக்கு ஆள் காசை வாங்கிவிடுங்கள். வெள்ளி இரவு இரண்டு பேர் கழன்றுகொள்வது எந்தக் குழுவிலும் நடப்பதுதான், விடுதி அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் என்று நம்பாதீர்கள். சைவம் என்பதைப் பதியும்போதே சொல்லிவிடுங்கள். 'கறி' என்ற பெயரில் வருவது கோழியோ பன்றியோதான். சொல்லிவைத்தால் சோறு, பருப்பு, கீரை, ருகாய் என்ற காரத் தொடுகறி கிடைக்கும். இந்த ருகாய் நம் 'ஊறுகாய்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் சில ருகாயில் தொத்திறைச்சி இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கம்பளி, தலைவிளக்கு, ரொக்கம். ஏடிஎம்மை உள்ளே தேடாதீர்கள். பிரான்ஸின் அரசு வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 4402 ஆர்டி எண்ணுள்ள வரைபடம் குழுவுக்கு ஒன்று. குப்பையைத் திரும்பத் தூக்கி வர ஒரு பை. பாம்புக்குப் பயப்பட வேண்டாம், இந்தத் தீவில் நச்சுப் பாம்பு இல்லை. காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் உண்டு. ஆபத்தென்றால் 112.

மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். அப்போதும், கிளம்பும் முந்தைய நாள் வனத்துறையான ஓஎன்எஃப் தளத்தில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று பாருங்கள். புயலுக்குப் பின் மாதக்கணக்கில் மூடிய பாதைகளும் உண்டு.